அணுவைப் பிடித்த பொறி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்க இலக்கியமும் காப்பியமும் திறனாய்வும் ஒலித்த இவ்வவையில், இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னை நிறுத்தி, "உம் துறைச் செய்தி ஒன்றைத் தமிழிற் கூறுக" எனப் பணித்துள்ளீர்கள். அப்பணியை உவப்போடு ஏற்கின்றேன். ஒளியையும் மின்புலத்தையும் கருவியாகக் கொண்டு, அணு போன்ற நுண்துகள்களைப் பிடித்து நிறுத்துவதும் குளிர்விப்பதும் எவ்வாறு என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். கேட்ட அளவில் இது நம் ஊருக்கும் நம் வட்டத்துக்கும் தொடர்பற்ற செய்தி போலத் தோன்றலாம். தொடர்பு உண்டு. அதனை முதலில் கூறிவிடுகின்றேன்.

தாம்பரத்தில் பயின்ற மாணவர்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த ஆண்டு 1937. மான்களும் முட்காடும் சூழ்ந்த அவ்வளாகத்துக்கு, கேரளத்தின் கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்னும் சிற்றூரில் 1931ஆம் ஆண்டு பிறந்த இளைஞர் ஒருவர் படிக்க வந்தார். இயற்பியலில் சிறப்புப் பட்டத்தை 1951இல் பெற்றார். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டமும் பெற்றார். அவரே பின்னாளில் உலகறிந்த இ. சி. ஜி. சுதர்சன் அவர்கள்.

பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். ஆங்கே ராபர்ட் மார்ஷக் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, கதிரியக்கத்துக்குக் காரணமான மெல்விசையின் இயல்பை வரையறுத்தார். 1963இல் ஒளியின் குவாண்டம் இயல்பைக் கூறும் அடிப்படை வாய்பாடு ஒன்றை அளித்தார். 1969 முதல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1980களில் நம் தென்சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 2007இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2018ஆம் ஆண்டு மே மாதம் டெக்சாசில் மறைந்தார்.

இவர் 1977ஆம் ஆண்டு வைத்யநாத் மிஸ்ரா என்னும் அறிஞரோடு இணைந்து ஒரு புதிரை வெளியிட்டார். கணிதத்தால் பிறந்த அப்புதிர் மெய்யா பொய்யா என்பதைச் சோதிக்க அந்நாளில் எளிதில் வழியில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1990இல், அதற்கு விடை கிடைத்தது. விடை கூறியவை, பிடித்து நிறுத்திக் குளிர்விக்கப்பட்ட ஏறத்தாழ ஐயாயிரம் பெரிலிய அயனிகள். புதிரை விளங்கிக்கொள்வதற்கு முன்னர், அணுவை எவ்வாறு பிடிக்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும்.

வெப்பம் என்பது ஓட்டம்

ஒரு பொருள் சூடாக இருக்கின்றது என்றால் அதன் அணுக்கள் விரைந்து அலைகின்றன என்பது பொருள். குளிர்ந்தது என்றால் அவ்வலைச்சல் தணிந்தது என்பது பொருள். எனவே அணுவைக் குளிர்விப்பதும் அணுவின் வேகத்தைத் தணிப்பதும் ஒன்றே.

இவ்வறையின் வெப்பநிலையில் ஒரு பெரிலிய அணு தனித்து ஓடுமானால், அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர். தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1931 முதல் ஓடிவரும் நம் மின்தொடர் வண்டி அத்தொலைவைக் கடக்க ஒரு மணி நேரம் கொள்கின்றது. பெரிலிய அணுவுக்கோ அரை நிமிடமே போதும். இவ்வாறு பறக்கும் ஒன்றை எக்கையால் பிடிப்பது? எக்கலத்தில் அடைப்பது? கலத்தின் சுவரும் அணுக்களால் ஆயது. அச்சுவர் அணுக்களும் அலைந்துகொண்டே இருப்பவை. சுவரில் மோதிய அணு மீண்டும் சூடேறும். ஆகவே சுவரில்லாச் சிறை வேண்டும். தொடாமல் தடுக்கும் கை வேண்டும்.

ஒளிக்கு உந்தும் ஆற்றல் உண்டு

தொடாமல் தடுக்கும் கையாக வந்தது ஒளி. வால்மீன் எத்திசையில் சென்றாலும் அதன் வால் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமே நீள்வதைக் கண்ட கெப்ளர், ஞாயிற்றின் ஒளியே அவ்வாலைத் தள்ளுகின்றது என 1619இல் எழுதினார். ஒளிக்கு அழுத்தம் உண்டு என்பதை மாக்ஸ்வெல் 1873இல் கணக்கிட்டுக் காட்டினார். உருசிய நாட்டு லெபதேவ் 1901இல் அதனை ஆய்வுக்கூடத்தில் அளந்து வெளியிட்டார். நம் நாட்டு மேகநாத சாகாவும் 1918இல் கல்கத்தாவிலிருந்து ஒளியழுத்தம் பற்றிய ஆய்வுரை வெளியிட்டார் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வழுத்தம் மிகமிகச் சிறிது. நம் முகத்தில் படும் வெயில் நம்மைத் தள்ளுவதில்லை. ஆனால் அணு நம்மைப் போலப் பெருத்ததன்று. புறஊதா ஒளியின் ஒரே ஒரு துகள் பெரிலிய அயனியின்மீது எதிரே வந்து மோதி அதனால் உட்கொள்ளப்பட்டால், அயனியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் குறைகின்றது. 900 மீட்டர் எங்கே, 14 சென்டிமீட்டர் எங்கே என நீங்கள் வினவலாம். ஏறத்தாழ ஆறாயிரத்து ஐந்நூறு முறை மோதினால் கணக்குத் தீர்ந்துவிடும். லேசர் ஒளியில் நொடிக்குக் கோடிக்கணக்கான மோதல்கள் நிகழக்கூடும். ஆகவே கண்ணிமைக்கும் பொழுதுகூட வேண்டியதில்லை.

ஆயினும் இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. எதிரே வரும் அயனியைத் தடுக்கும் ஒளி, அப்பால் செல்லும் அயனியைப் பின்னின்று தள்ளி மேலும் விரைவுபடுத்துமே! வருவதை மட்டும் தடுத்துச் செல்வதை விட்டுவிடுமாறு ஒளிக்கு எவ்வாறு கற்பிப்பது?

விடை நம் நிலைய மேடையிலேயே இருக்கின்றது. வண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் ஒலி உயர்ந்தும், நம்மைக் கடந்து சென்ற பின் தாழ்ந்தும் கேட்கின்றது. டாப்ளர் விளைவு எனப்படும் இது ஒளிக்கும் பொருந்தும். ஒளியை எதிர்த்து ஓடும் அயனிக்கு அவ்வொளியின் அதிர்வெண் சற்றே உயர்ந்து தோன்றும்; ஒளியோடு ஓடும் அயனிக்குத் தாழ்ந்து தோன்றும். ஓர் அயனி தனக்குரிய அதிர்வெண்ணில் வரும் ஒளியையே விரும்பி உட்கொள்ளும். ஆகவே லேசரை அவ்வதிர்வெண்ணுக்கு ஒரு சிறிது கீழே நிறுத்தி வைத்தால், எதிர்த்து வரும் அயனிக்கு அது சரியான அதிர்வெண்ணாகிவிடும். அப்பால் செல்லும் அயனிக்கோ பொருந்தா ஒளியாகிவிடும். வருவது அடிபடும்; செல்வது தப்பும். உட்கொண்ட ஒளியை அயனி மீண்டும் உமிழ்கின்றதே எனின், அவ்வுமிழ்வு நாற்றிசையிலும் சிதறுவதால் பலமுறை நிகழும்போது தள்ளுவதும் இழுப்பதும் பெரும்பாலும் சமனாகிவிடுகின்றன.

இக்கருத்தை 1975ஆம் ஆண்டில் இரு குழுவினர் தனித்தனியே கூறினர். ஹேன்ஷ், ஷாலோ என்போர் ஒரு குழு. வைன்லேண்டு, டெமெல்ட் என்போர் மற்றொரு குழு. 1978இல் அயனிகளிடத்தில் அது மெய்ப்பிக்கப்பட்டது. 1985இல் ஸ்டீவன் சூ குழுவினர், ஆறு திசைகளிலிருந்து வரும் லேசர் கற்றைகள் சந்திக்கும் இடத்தில் சோடிய அணுக்களைத் தேக்கினர். எப்பக்கம் நகர்ந்தாலும் எதிர்ப்பு. வெல்லப்பாகில் வீழ்ந்த எறும்பு போல அணுக்கள் அவ்வொளியில் தத்தளித்தன. ஆங்கிலத்தார் அதற்கு இட்ட பெயரும் 'பாகு' என்னும் பொருளுடையதே. தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே ஒரு கெல்வினில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு அளவுக்கு அவை குளிர்ந்தன. அப்பணிக்கும் அதன் வளர்ச்சிக்குமாக 1997இல் சூ, கோஹன்-தனுஜி, ஃபிலிப்ஸ் ஆகிய மூவர்க்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பொறி என்னும் சொல்

வேகம் தணிந்த அணு நின்ற இடத்திலேயே நிற்கும் என்று சொல்ல முடியாது. மெல்ல மெல்ல நகர்ந்து வெளியேறிவிடும். அதனை ஓரிடத்தில் வைத்திருக்கப் பொறி வேண்டும்.

தமிழில் 'பொறி' என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எலிப்பொறி என்னும்போது அது கண்ணி. நீராவிப் பொறி என்னும்போது அது இயந்திரம். ஐம்பொறி என்னும்போது அது கண் முதலிய புலனுறுப்பு. தீப்பொறி என்னும்போது அது ஒளித்துளி. நான் இனிக் கூறப்போகும் கருவி இந்நான்கும் ஆகும். அது அயனியைப் பிடிக்கும் கண்ணி. மின்னால் இயங்கும் இயந்திரம். அயனியைக் காணும் கண். அதனுள் ஒளிர்வது ஒரு பொறி. ஆங்கிலச் சொல்லுக்கு இந்நான்கு பொருளும் இல்லை. கலைச்சொல்லுக்கு நாம் எப்போதும் பிறரிடம் கையேந்த வேண்டியதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

மின்னூட்டம் பெற்ற அணுவே அயனி. மின்னூட்டம் உள்ளதால் மின்புலம் அதனைத் தள்ளவும் இழுக்கவும் வல்லது. எனில் நாற்புறமும் மின்தகடு வைத்து நடுவில் நிறுத்திவிடலாமே? முடியாது என்று 1842இலேயே எர்ன்ஷா என்பவர் நிறுவிவிட்டார். மாறாத மின்புலம் மட்டும் கொண்டு எந்த மின்னூட்டத்தையும் வெற்றிடத்தில் நிலையாக நிறுத்த இயலாது. மின்புலம் குதிரைச் சேணம் போன்றது. முன்னும் பின்னும் உயர்ந்திருந்தால் இருபுறமும் சரிந்திருக்கும். அதன் நடுவில் கோலிக்குண்டை வைத்தால் பக்கவாட்டில் உருண்டு விழும்.

இரண்டு வழிகளில் இதனை வென்றனர். செருமனியின் பான் நகரத்து வோல்ப்காங் பவுல், 1950களில், அச்சேணத்தைச் சுழற்றிவிட்டால் என்ன என்று எண்ணினார். குண்டு சரியத் தொடங்கும் பக்கம் அது விழுமுன் மேடாகிவிடும்; மறுபக்கம் சரியத் தொடங்கினால் அதுவும் மேடாகிவிடும். மின்புலத்தைத் தக்க விரைவில் மாற்றிக்கொண்டே இருந்தால் அயனி நடுவிலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். இது பவுல் பொறி. மாறா மின்புலத்தோடு வலிய காந்தப்புலத்தையும் சேர்த்து, சரியும் அயனியை வட்டமிடச் செய்து உள்ளேயே வைப்பது மற்றொரு வழி. இது பென்னிங் பொறி. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டெமெல்ட் அவர்களால் வளர்க்கப்பட்டது. பவுலும் டெமெல்ட்டும் 1989ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

மின்னூட்டம் இல்லாத துகளுக்கும் வழி உண்டு. பெல் ஆய்வுக்கூடத்து ஆர்தர் ஆஷ்கின், குவிக்கப்பட்ட லேசர் ஒளியால் நீரில் மிதந்த நுண்ணிய நெகிழி உருண்டைகளை நகர்த்தவும் பிடிக்கவும் முடியும் என 1970இல் காட்டினார். ஒற்றை லேசர் கற்றையின் கூர்மையிலேயே துகள் சிக்கி நிற்கும் 'ஒளி இடுக்கி'யை 1986இல் செய்தார். அடுத்த ஆண்டே உயிருள்ள நுண்ணுயிர்களை அவ்விடுக்கியால் பிடித்துக் காட்டினார். அவர்க்கு நோபல் பரிசு 2018இல், தம் 96ஆம் அகவையில் வந்தது.

புதிர்

இனிச் சுதர்சன் அவர்களின் புதிருக்கு வருவோம். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓர் இடத்தில் நிற்கின்றதாதலால் அது பறக்கவே இல்லை என வாதிட்டவர் பண்டைக் கிரேக்கத்து ஜீனோ. அவர் பெயரையே மிஸ்ராவும் சுதர்சனும் தம் புதிருக்கு இட்டனர். சிதையக்கூடிய ஒரு குவாண்டம் துகளை இடைவிடாது பார்த்துக்கொண்டே இருந்தால் அது சிதையாமலே நின்றுவிடும் என்பதே அவர்தம் முடிபு. இதனை ஒத்த எண்ணங்கள் வேறு சிலரிடத்தும் முன்னரே இருந்தன. அதற்குப் பெயரும் உறுதியான கணித வடிவும் தந்தவர்கள் இவ்விருவரே.

இது எவ்வாறு இயலும்? வட்டிக் கணக்கைக் கொண்டு விளக்க முயல்கின்றேன். நாம் அறிந்த தனிவட்டியில் பாதி நாளுக்குப் பாதி வட்டி. கணக்கைப் பத்து முறை முடித்துப் பத்து முறை புதிதாகத் தொடங்கினாலும் மொத்த வட்டியில் மாற்றமில்லை. குவாண்டம் உலகின் தொடக்கக் கணத்து வட்டி அவ்வகையினதன்று. அங்கே பாதி நாளுக்குக் கால் வட்டி. பத்தில் ஒரு பங்கு நாளுக்கு நூறில் ஒரு பங்கு வட்டி. மாற்றம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இப்போது கணக்கைப் பத்து முறை முடித்துத் தொடங்கினால், ஒவ்வொரு முறையும் நூறில் ஒன்று. பத்து முறைக்கும் சேர்த்து நூறில் பத்து, அஃதாவது பத்தில் ஒரு பங்கு வட்டிதான் சேரும். நூறு முறை முடித்தால் நூறில் ஒரு பங்கே. முடிவில்லாமல் முடித்துக்கொண்டே இருந்தால் வட்டி சுழியாகும். பார்த்தல் என்பது இங்கே கணக்கை முடித்தல். பார்க்கும்தோறும் துகள் தன் மாற்றத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகின்றது.

ஐயாயிரம் அயனிகளின் விடை

இதனைச் சோதிக்கும் முறை ஒன்றை 1988இல் ரிச்சர்ட் குக் என்பவர் கூறினார். 1990இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரிலுள்ள தேசிய அளவியல் நிறுவனத்தில் இட்டானோ, ஹைன்சன், போலிஞ்சர், வைன்லேண்டு ஆகிய நால்வரும் அதனைச் செய்து முடித்தனர்.

பென்னிங் பொறியில் ஏறத்தாழ 5,000 பெரிலிய அயனிகளை அடைத்து, புறஊதா லேசரால் ஒரு கெல்வினுக்கும் கீழாகக் குளிர்வித்தனர். குளிர்வித்தது எதற்காக? சூடான அயனிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் அலையும். டாப்ளர் விளைவால் ஒரே ஒளி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகத் தோன்றும். எல்லா அயனிகளிடத்தும் ஒரே வினாவைத் தெளிவாகக் கேட்க வேண்டுமாயின் அவை அடங்கி நின்றாக வேண்டும். பிடித்தலும் குளிர்வித்தலும் இல்லையேல் இச்சோதனையே இல்லை.

அயனிக்கு இரண்டு நிலைகள் எனக் கொள்வோம். தக்க அதிர்வெண்ணுடைய ரேடியோ அலையை 256 மில்லிநொடி, அஃதாவது கால் நொடி அளவு செலுத்தினால் முதல் நிலையிலுள்ள அயனிகள் யாவும் இரண்டாம் நிலைக்குச் சென்றுவிடும். அயனி எந்நிலையில் உள்ளது எனக் காண, புறஊதா ஒளியைச் சிறு துடிப்பாகச் செலுத்துவர். முதல் நிலையிலிருந்தால் அயனி ஒளியைச் சிதறி மின்னும். இரண்டாம் நிலையிலிருந்தால் இருண்டிருக்கும். இத்துடிப்பே 'பார்வை'.

கால் நொடியின் முடிவில் ஒருமுறை மட்டும் பார்த்தால், கணக்கின்படி நூற்றுக்கு நூறும் மாறியிருக்க வேண்டும். இடையில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இருமுறை பார்த்தால் நூற்றுக்கு 50 மட்டுமே மாறும். நான்கு முறை பார்த்தால் 37.5. எட்டு முறைக்கு 23.5. பதினாறு முறைக்கு 13. முப்பத்திரண்டு முறைக்கு 7. அறுபத்து நான்கு முறை பார்த்தால் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அஃதாவது ஐயாயிரத்தில் இருநூறுகூட மாறா. ரேடியோ அலை அதே அலைதான். கால் நொடி அதே கால் நொடிதான். பார்த்த முறை மட்டுமே வேறு. போல்டரில் கண்ட அளவுகள் இக்கணக்கோடு ஒத்திருந்தன. தாம்பரத்தில் இயற்பியலின் அடிப்படையைக் கற்ற ஒருவரின் புதிர், காகிதத்திலிருந்து எழுந்து அயனிகளின் மின்னலாய் நின்றது.

அந்நால்வருள் ஒருவராகிய டேவிட் வைன்லேண்டு, தனித்த குவாண்டம் துகள்களை அளந்து ஆளும் முறைகளுக்காக 2012இல் பிரான்சு நாட்டு செர்ஜ் அரோஷோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எச்சரிக்கை

அவையோரே, இவ்விடத்தில் நான் சற்று அழுத்திக் கூற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இலக்கிய வட்டத்தில் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு உண்மையான காரணமும் அதுவே.

'பார்த்தால் அணு நின்றுவிடும்' என்னும் தொடரை மேடையிற் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். அதைத் தொடர்ந்து 'மனத்தின் ஆற்றலை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது' என்பார் ஒருவர். 'நம் முன்னோர் இதனை அன்றே அறிந்திருந்தனர்' என்பார் மற்றொருவர். இரண்டும் பிழை. இச்சோதனையில் பார்த்தது மனிதக் கண்ணன்று, மனமுமன்று. ஒளித்துடிப்பு அயனியின்மீது பட்டதே பார்வை. இடையில் சிதறிய ஒளியை எவரும் குறித்து வைக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒருவரும் இல்லாமல் கதவடைத்திருந்தாலும் அயனிகள் அவ்வாறே நின்றிருக்கும். 'பார்த்தல்' என்பதை 'ஒளியால் தொடுதல்' என மாற்றிக் கூறினால் மாயம் நீங்கும். வியப்பு மட்டும் எஞ்சும். அவ்வியப்பு போதும்.

பார்த்தால் எப்போதும் நின்றுவிடும் என்பதும் முழு உண்மையன்று. போல்டர் சோதனை, ரேடியோ அலையால் தூண்டப்பட்ட மாற்றத்தைப் பற்றியது. மிஸ்ராவும் சுதர்சனும் பேசியதோ தானாகச் சிதையும் பொருளைப் பற்றி. ஆகவே இது அப்புதிருக்கு முழு விடையாகுமா என்று அறிஞர்கள் வாதிட்டனர். சுதர்சன் பணியாற்றிய அதே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ரெய்சன் குழுவினர் 2001இல் அவ்வாதத்துக்கு மேலும் ஒளியூட்டினர். ஒளியலைகளாலான பொறியில் குளிர்ந்த சோடிய அணுக்களைத் தேக்கி, அவை தாமாகவே கசிந்து வெளியேறுவதைக் கவனித்தனர். அடுத்தடுத்து விரைவாகப் பார்த்தபோது கசிவு தணிந்தது. பார்க்கும் இடைவெளியை வேறு அளவில் அமைத்தபோதோ கசிவு மிகுந்தது! பார்வை தடுக்கவும் செய்யும், விரைவுபடுத்தவும் செய்யும். எது நிகழும் என்பதை இடைவெளி முடிவு செய்கின்றது.

தொல்காப்பியச் செய்யுளியல் 'நோக்கு' என ஓர் உறுப்பைக் கூறுகின்றது. கேட்போரை நிறுத்தி மீண்டும் நோக்கச் செய்யும் இயல்பு அது என உரையாசிரியர் வழி நாம் அறிவோம். அந்நோக்கையும் இயற்பியலார் பார்வையையும் நான் அருகருகே வைத்துக் காட்டலாம். உவமையாக அது அழகுடைத்து. ஆனால் உவமை சான்றாகாது. உவமையை உவமை என்றும் சான்றைச் சான்று என்றும் பிரித்தறிய நம்மை விடப் பயிற்சி உடையோர் யார்? உவமவியல் கற்ற இலக்கிய மாணவர்க்கு அப்பிரிவு நன்கு தெரியும். அறிவியலைத் தமிழிற் பேசும்போதும் அவ்வொழுக்கத்தை நாம் கைவிடலாகாது. பழம்பெருமைக்குப் பொய்த்தூண் நிறுத்தினால், உண்மைத் தூண்களின்மேலும் பிறர்க்கு ஐயம் பிறக்கும்.

வளர்ச்சி

இக்கலை இன்று எங்கே நிற்கின்றது? பொறியில் நிறுத்திய ஓர் அயனியின் அதிர்வைக் கொண்டு கடிகாரம் செய்கின்றனர். போல்டரில் 2010இல் இத்தகைய இரு கடிகாரங்களை ஒப்பிட்டபோது, ஒன்றை மற்றொன்றைவிட ஏறத்தாழ ஓரடி உயர்த்தி வைத்தால் அது சற்றே விரைந்து ஓடுவதை அளக்க முடிந்தது. புவியீர்ப்பால் காலம் மாறுபடும் என்னும் ஐன்ஸ்டைன் கூற்று ஒரு மேசையின் உயரத்துக்குள்ளேயே மெய்யாயிற்று.

அணு மட்டுமன்றி, கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்த மணியையும் இன்று பிடிக்கின்றனர். ரெய்சன் குழுவினர் 2011இல், ஒளியால் வெற்றிடத்தில் மிதக்கவிடப்பட்ட கண்ணாடி மணியின் அசைவை ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவுக்குத் தணித்தனர். வியன்னா ஆய்வாளர் 2020இல், நூறு நானோமீட்டரைச் சற்றே விஞ்சிய சிலிக்கா மணியைக் குவாண்டம் விதி இசையும் கடைசி அடக்கம் வரை கொண்டு சென்றனர். அதற்குமேல் அடங்க இயற்கை இடம் தரவில்லை.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. திருச்சிராப்பள்ளி மண்ணில் பிறந்த சர் சி. வி. இராமன் 1948இல் பெங்களூரில் நிறுவிய இராமன் ஆய்வு நிறுவனத்தில், ஒரே இடத்தில் அணுப்பொறியையும் அயனிப்பொறியையும் அமைத்தனர். லேசரால் குளிர்ந்த ரூபிடிய அணுக்கள், அருகில் நின்ற ரூபிடிய அயனிகளைத் தம் மோதலாலேயே குளிர்வித்து நிலைபெறச் செய்வதை 2012இல் வெளியிட்டனர். குளிர்ந்தவரோடு கூடினால் சூடு தணியும் என்பது நம் வீட்டுப் பெரியோர் வாக்குப் போல அங்கே மெய்யாயிற்று. இதுவும் உவமை மட்டுமே!

வேண்டுகோள்

நிறைவாக இரண்டு வேண்டுகோள்களை இவ்வட்டத்தின்முன் வைக்க விரும்புகின்றேன்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் எத்தனையோ பள்ளிகளும் கல்லூரிகளும் உள்ளன. நாள்தோறும் அக்கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் மாணவர்க்கு, உள்ளே பயின்ற ஒருவரின் எண்ணம் உலகின் மிக நுட்பமான சோதனை ஒன்றுக்கு வித்தாயிற்று என்பது தெரிய வேண்டும். தெரிந்தால் அவர்தம் நடையில் ஒரு நிமிர்வு தோன்றும். பெயரை மட்டும் சொல்லிப் பெருமை கொள்வதாலோ சிலை வைப்பதாலோ அந்நிமிர்வு வாராது. அவர் என்ன சொன்னார், ஏன் அது மெய்யாயிற்று என்பதை அம்மாணவர் தம் தாய்மொழியில் விளங்கிக்கொண்டால்தான் வரும். ஆகவே வரும் பத்தாண்டுகளில், ஆண்டுக்கு ஓர் அமர்வையேனும் அறிவியலுக்கு ஒதுக்குங்கள். இது முதல் வேண்டுகோள்.

அவ்வமர்வுகளில் அறிவியலார் பேசும்போது புலவர்கள் முன்வரிசையில் அமர்ந்து குறுக்கிட வேண்டும் என்பது இரண்டாவது. 'இச்சொல் பொருந்தாது', 'இத்தொடர் விளங்கவில்லை' என அவர்கள் தடுக்க வேண்டும். அகராதியில் மட்டும் பிறந்த கலைச்சொல் அகராதியிலேயே உறங்கும். அவையில் அடிபட்டுத் தேறிய சொல்லே வழக்கில் நிற்கும். 'பொறி' என்னும் ஒரு சொல் நான்கு பொருளையும் தன்னுள் வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டுகள் காத்திருந்தது. அத்தகைய சொற்கள் இன்னும் எத்தனை உள்ளனவோ! அவற்றைத் தேடித் தருவது உங்கள் கடன். அவற்றைப் பிழையின்றி ஆள்வது எங்கள் கடன்.